பே-பெர்-வியூ விற்பனை சரிந்தால் குத்துச்சண்டைக்கு மவுசு போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. பே-பெர்-வியூ என்றால் ஒரு சண்டையை டிவியில் பார்க்க அதற்கென்று தனியாகக் காசு கட்டுவது. குறிப்பிட்ட ஒரு சண்டையை, அன்றைய இரவு, கேட்ட விலை கொடுத்து எத்தனை வீடுகள் வாங்கின என்பதைத்தான் அந்த எண் சொல்லும். அதற்கு மேல் எதையும் அதிலிருந்து இழுக்கக் கூடாது.

2015 மே 2 அன்று லாஸ் வேகாஸில் ஃபிளாய்ட் மேவெதர், மேனி பாக்கியோ என்ற இரு பெரிய குத்துச்சண்டை வீரர்கள் மோதிய சண்டை அமெரிக்காவில் 46 லட்சம் விற்றது. இன்றுவரை அதுதான் சாதனை. விலையும் லேசுப்பட்டதல்ல: சாதாரணத் தரத்துக்கு 89.95 டாலர், ஹெச்டிக்கு 99.95. அதே ஆண்டு செப்டம்பரில் அதே மேவெதர் ஆண்ட்ரே பெர்டோவுடன் மோதியபோது வெளியான மதிப்பீடுகள் 4 லட்சத்திலிருந்து 5.5 லட்சத்துக்குள்தான். நாலே மாதத்தில் ஒரு நாட்டின் ஆர்வம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குமா? பெர்டோ ஜெயிப்பார் என்று அநேகமாக யாரும் நம்பவில்லை. மே மாதம் நூறு டாலர் கொடுத்தவர்களோ, பன்னிரண்டு ரவுண்டும் மந்தமாகப் போன சண்டையைப் பார்த்த கடுப்பிலேயே இருந்தார்கள். பாக்கியோவுக்குத் தோளில் முன்பே காயம் இருந்தது என்ற செய்தி வந்ததும் பலர் நீதிமன்றம் வரை போனார்கள், வழக்குகள் தள்ளுபடியாயின. காசு கொடுத்தவர் ஏமாந்ததாக நினைத்தால், அந்தக் கோபம் அடுத்த சண்டையின் கணக்கில்தான் விழும்.

இந்த எண்ணில் 'ஒன்று' என்றால் ஒரு வீடு, அல்லது ஒரு கணக்கு. பத்து பேர் ஆளுக்குப் பத்து டாலர் போட்டு ஒரே வீட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் அது ஒன்றுதான். மே முதல் வாரத்தின் சின்கோ டி மாயோ, செப்டம்பர் நடுவில் மெக்ஸிகோ சுதந்திர தினம் என்ற இரண்டு வார இறுதிகளுக்கும் சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர்கள் அடித்துக்கொள்வது இதனால்தான். அமெரிக்காவில் வாழும் மெக்ஸிகோ வம்சாவளியினர் கூடிக் கொண்டாடும் நாட்கள் அவை, செலவையும் பகிர்ந்துகொள்வார்கள். டி லா ஹோயாவும் மேவெதரும் 2007 மே 5 அன்று மோதி 24 லட்சம் விற்றதில் தேதிக்கும் பங்கு உண்டு.

இனி பணக் கணக்கு. ஒரு சண்டை 80 டாலர் விலையில் 5 லட்சம் விற்றதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 கோடி டாலர். கேபிள், சாட்டிலைட் நிறுவனங்கள் வழக்கமாகப் பாதியை ஒட்டி எடுத்துக்கொள்ளும் (மிகப் பெரிய சண்டை என்றால் புரமோட்டர் பேரம் பேசி அதைக் குறைப்பார்). மிச்சம் 2 கோடி. ஒளிபரப்பு நிறுவனத்தின் பங்கு, தயாரிப்புச் செலவு, விளம்பரம், முக்கிய சண்டைக்கு முன்னால் மோதும் அண்டர்கார்டு வீரர்களின் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். முக்கிய வீரர்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றரைக் கோடி உத்தரவாதம் கொடுத்திருந்தால், டிக்கெட் வசூலும் வெளிநாட்டு உரிமையும்தான் புரமோட்டரைக் காப்பாற்றும். 5 லட்சம் என்பது ஒரு சண்டைக்குக் கொண்டாட்டம், இன்னொன்றுக்குக் கையைக் கடிக்கும் நஷ்டம். உத்தரவாதத் தொகை தெரியாமல் வெற்றி தோல்வி சொல்ல முடியாது.

இந்த எண்களைத் தணிக்கை செய்து வெளியிடும் பொது அமைப்பு எதுவும் கிடையாது. நன்றாக விற்றால் புரமோட்டரே ஊரெல்லாம் சொல்வார். விற்காவிட்டால் மூச்சு விடமாட்டார். சண்டை முடிந்து இரண்டு வாரமாகியும் எண் வரவில்லை என்றால் அநேகமாக அதுவே பதில்.

கடைசி நேர நெரிசலும் விற்பனையைத் தின்னும். பெரும்பாலோர் சண்டை தொடங்கும் நேரத்தில்தான் வாங்குவார்கள். மேவெதர்–பாக்கியோ இரவில் கேபிள் நிறுவனங்களின் அமைப்புகள் ஆர்டர்களைத் தாங்காமல் திணறியதால் சண்டையையே தாமதமாகத் தொடங்கினார்கள். 43 லட்சம் விற்ற மேவெதர்–மெக்ரெகர் சண்டையிலும் (2017) ஆன்லைனில் வாங்கிய பலருக்குப் படமே வரவில்லை. அந்த நேரத்தில் திருட்டு ஸ்ட்ரீமுக்குத் தாவியவர், அடுத்த முறை காசு கொடுக்க யோசிப்பார்.

என்னைக் கேட்டால், விற்பனைச் சரிவைவிடப் பெரிய சேதம், நல்ல சண்டைகள் எல்லாம் கட்டணக் கதவுக்குள் போனது. ஏற்கெனவே ரசிகராக இருப்பவர்தான் 80 டாலர் கொடுப்பார். புதிதாக ஒரு பையன் தற்செயலாக டிவி பார்த்து ரசிகனாகும் வழி அடைந்துபோகிறது. 2017 மார்ச்சில் தர்மன்–கார்சியா சண்டையை அமெரிக்கத் தொலைக்காட்சியான சிபிஎஸ் இலவசமாகக் காட்டியபோது சராசரியாக 31 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனாலும் போக்கு மாறவில்லை. பல ஆண்டுகள் குத்துச்சண்டையைக் காட்டிவந்த அமெரிக்கச் சந்தா சேனல்களில் ஹெச்பிஓ 2018 இறுதியில் குத்துச்சண்டையை விட்டே விலகியது, 2023 இறுதியில் ஷோடைமும்.

டெரன்ஸ் க்ராஃபோர்டைப் பாருங்கள். 2023 ஜூலையில் எரால் ஸ்பென்ஸுடன் அவர் ஆடியது தலைமுறையின் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. மதிப்பிடப்பட்ட விற்பனை 7 லட்சத்தை ஒட்டித்தான். 2025 செப்டம்பரில் கனெலோ அல்வாரெஸுடன் அவர் மோதியதைத் தனிக் கட்டணமின்றி நெட்ஃபிளிக்ஸ் காட்டியது, 4.1 கோடிக்கு மேல் பார்த்ததாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஆனால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து வகுக்காதீர்கள். முன்னது காசு கொடுத்த வீடுகள். பின்னது உலகம் முழுக்கப் பார்த்த தலைகள், அதுவும் நிறுவனமே சொன்ன கணக்கு. 2024 நவம்பரில் ஜேக் பால்–டைசன் சண்டைக்குச் சொன்ன 10.8 கோடியும் அதே வகைதான். ஆர்வம் எங்கேயும் போகவில்லை என்று காட்ட இவை போதும். எவ்வளவு என்று அளக்கப் போதாது.

அதனால் அடுத்த முறை ஒரு எண் கண்ணில் பட்டால், விலை என்ன, வீடா தலையா, அமெரிக்கா மட்டுமா உலகமா, சொன்னது யார் என்ற நான்கையும் கேளுங்கள். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைகளை நடத்தும் யுஎஃப்சியும் 2026 முதல் அமெரிக்காவில் பே-பெர்-வியூவைக் கைவிட்டு பாராமவுண்ட் பிளஸ் சந்தாவுக்குள் போவதாக அறிவித்துவிட்டது. இனி உங்கள் கைக்கு வரப்போவது பெரும்பாலும் நிறுவனமே சொல்லும் தலைக் கணக்குதான்.