அண்ணனுக்கு ஏன் ஊசி இல்லை?

கேள்வி: தரம் 6 படிக்கும் மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடச் சம்மதக் கடிதம் வந்திருக்கிறது. தரம் 8 படிக்கும் அண்ணனுக்கு ஏன் இல்லை என்று கேட்டால், "கணக்குப்படி பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் போட்டால் போதும்" என்கிறார்கள். என்ன கணக்கு? புற்றுநோய் வர இருபது வருசம் ஆகுமாம், அதை இப்போதே எப்படிக் கணிக்கிறார்கள்?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: முதலில் கடிதத்தில் கையெழுத்தைப் போடுங்கள், மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம். இலங்கையில் 2017இலிருந்து தரம் 6 மாணவிகளுக்குப் போடுகிற ஊசிதான் இது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 வீதத்துக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகள், அவற்றை இது தடுக்கிறது.

இனிக் கணக்கு. இந்த வைரஸ் பெரும்பாலும் பாலுறவு வழியாக ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மாறி மாறிப் போகிறது. ஓர் ஊரில் (நம்மூர் இல்லை, கணக்குக்காக ஓர் ஊர்) தொற்றுள்ள ஒரு பெண்ணிடமிருந்து சராசரியாக 2 ஆண்களுக்கும், ஒவ்வோர் ஆணிடமிருந்து 2 பெண்களுக்கும் பரவுகிறது என்று வைப்போம். ஒரு சுற்று முடிந்தால் ஒரு பெண் 4 பெண்களாகிறார். 100 பெண்பிள்ளைகளில் 75 பேருக்கு ஊசி போட்டால் அந்த 4, 1 ஆகிவிடும், அதற்கு மேல் பரவல் வளராது. இரு பாலாருக்கும் போட்டு இதே இடத்துக்கு வருவதென்றால் 100 பெண்களில் 50, 100 ஆண்களில் 50 (இரு பக்கத்து 2உம் 1 ஆகும்) என்று 100 பேருக்குப் போடவேண்டும். 75 பேரில் முடிகிற வேலைக்கு 100 பேர்! ஊசி விலை கூடினது, அதனால்தான் பல நாடுகள் பெண்பிள்ளைகளில் தொடங்கின.

ஆனால் பெண்பிள்ளைகளில் 40 பேருக்குத்தான் போட முடிந்தது என்றால் அந்த 4 குறைந்து 2.4இல்தான் நிற்கும், அப்போது ஆண்பிள்ளைகளையும் சேர்க்கத்தான் வேண்டும். மாவட்டச் சராசரி நல்லாயிருந்தாலும் ஒரு மூலைக் கிராமத்தில் பாதிப் பிள்ளைகள் விடுபட்டால் அங்கே வைரஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். அதோடு, ஆண்களுக்குத் தொண்டையில் வருகிற புற்றுநோய்க்கும் இதே வைரஸ் காரணமாகலாம், ஆணிலிருந்து ஆணுக்குப் போகும் தொற்றைப் பெண்களுக்குப் போட்ட ஊசி தடுக்காது. ஆகவே அண்ணனுக்குத் தேவையே இல்லை என்று கணக்குச் சொல்லவில்லை, முதலில் யாருக்கு என்றுதான் சொல்கிறது. அவுஸ்திரேலியா 2007இல் பெண்களில் தொடங்கி, 2013இல் ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது.

இருபது வருசக் கேள்வி நல்ல கேள்வி. தொற்றாதவர், தொற்றியவர், தானாகவே சுகமானவர் (பெரும்பாலானோர் இரண்டு வருசத்துக்குள் இப்படித்தான்), கலங்களில் மாற்றம் வந்தவர், நோயாளி என்று சனத்தைப் பிரித்து, வருசத்துக்கு எத்தனை பேர் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகிறார்கள் என்பதைப் பழைய பரிசோதனைப் பதிவுகளிலிருந்து எடுத்து, கணினியில் நூறு வருசம் ஓடவிடுவார்கள். இது சரியா என்று பார்க்க இருபது வருசம் காத்திருக்கவும் தேவையில்லை. பாலுறுப்பில் வரும் மருக்கள் சில மாதங்களிலேயே தெரியும், அவற்றுக்குக் காரணமான வகைகளையும் அவுஸ்திரேலியாவில் போட்ட ஊசி தடுத்தது. அங்கே ஊசியே போடாத இளம் ஆண்களிடமும் மருக்கள் மளமளவென்று குறைந்தன. சுவீடனில், 17 வயதுக்கு முன் ஊசி போட்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 88 வீதம் குறைவு என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேள்வி: மகள் ஊசி போட்டாச்சு, நான் பாப் சோதனைக்குப் போகத்தான் வேணுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: மகளின் ஊசி மகளுக்கு. பாப் சோதனை என்பது கர்ப்பப்பைக் கழுத்துக் கலங்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. உங்களுக்கு 35 அல்லது 45 வயதென்றால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் எந்த நாளென்று கேட்டுப் போய் வாருங்கள். கணவர் ஒருவரே என்றாலும் அவர் வழியாக இந்த வைரஸ் எப்போதோ வந்திருக்கலாம், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.