1966 எம்ஜிபி: எது அசல், எதை மீட்க வேண்டும்?

கேள்வி: பிரிட்டனில் வசிக்கிறேன். 1966-இல் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி நிறுவனத்தின் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கியிருக்கிறேன். சிவப்பு நிறம், உள்வாங்கிய கறுப்பு கிரில், வினைல் சீட், ஆல்டர்னேட்டர். தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் மங்கலான வெள்ளை பெயின்ட் தெரிகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இதை மீட்டெடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: எதையும் கழற்றுவதற்கு முன் சேஸி எண்ணை, அதாவது காரின் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். எம்ஜி தயாரிப்புப் பதிவேடுகள் வார்விக்ஷரின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் ஹெரிடேஜ் சான்றிதழ் தருவார்கள். உங்கள் கார் அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலையில் எந்தத் தேதியில் முடிந்தது, என்ன நிறம், எந்த எஞ்சின் எண், என்னென்ன கூடுதல் சாதனங்களுடன் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். அன்று ஹீட்டரே தனியாகக் காசு கொடுத்து வாங்கும் சாதனம்தான். கம்பிச் சக்கரம் உங்கள் காரில் இருந்ததா இல்லையா என்பதையும் அந்தத் தாளே சொல்லட்டும்.

நீங்கள் பார்த்த வெள்ளை நல்ல தடயம். ஓல்டு இங்கிலிஷ் ஒயிட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். எம்ஜிபியில் எஞ்சின் அறைக்கும் உடல் நிறமே அடிப்பார்கள். அதனால் ஹீட்டர் பெட்டிக்கு அடியில், டேஷ்போர்டுக்குப் பின்னால், கதவு அட்டைகளுக்கு உள்ளே பாருங்கள். நிறம் மாற்றியவர் இங்கெல்லாம் கை வைத்திருக்க மாட்டார். அந்தப் பழைய பெயின்டில் ஒரு சிறு பகுதியையாவது மணல்தாள் படாமல் விட்டுவையுங்கள். புது பெயின்ட் கலக்கும்போது, எந்த நிற அட்டையையும்விட அதுதான் சரியான அளவுகோல்.

கறுப்பு கிரில் 1969 இறுதியில்தான் வந்தது, உங்கள் காருடையது அல்ல. செங்குத்துப் பட்டைகள் கொண்ட குரோம் கிரில்தான் வேண்டும். சீட்டும் தோல் சீட்டாக இருந்திருக்க வேண்டும். இவை பணம் கொடுத்தால் கிடைக்கும், அவசரமில்லை.

எளிதில் திரும்ப முடியாத மாற்றங்களைத்தான் முதலில் தேட வேண்டும். 1967 இறுதியில் எல்லா கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) உள்ள கியர்பாக்ஸ் வந்தது. அது உடம்பில் பெரியது என்பதால் அதை மூடியபடி இரு சீட்டுக்கும் நடுவே தரையில் எழும்பி நிற்கும் நடுச் சுரங்கத்தையும் அகலமாக்கினார்கள். பழைய காரில் அதைப் பொருத்த வேண்டுமென்றால் தகட்டை வெட்ட வேண்டும். வெட்டு இருக்கிறதா என்று கார்பெட்டை முழுதாக எடுத்துப் பாருங்கள். பின் ஆக்ஸிலின் பின்புறம் ஒரு மூடித்தகடு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருந்தால், அது பிந்தைய ஆண்டுகளின் ஆக்ஸில். எஞ்சின் எண் 18ஜிபி என்று தொடங்கினால் உங்கள் காலத்தது. பானெட்டில் காந்தம் ஒட்டக் கூடாது, ஏனென்றால் அன்று அது அலுமினியம். ஒட்டினால் பிற்கால இரும்பு பானெட் என்று அர்த்தம். அலுமினியமாக இருந்து நெளிந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நல்ல தட்டு வேலைக்காரரிடம் கொடுங்கள்.

அப்புறம் சில். தனி சேஸி (அடிச்சட்டம்) இல்லாத இந்தக் காரில் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில்தான் முதுகெலும்பு. அது முன் விங்குக்கு (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) பின்னாலும், பின் விங்கின் அடிப்பகுதிக்கு உள்ளேயும் தொடர்ந்து போகும். சரியாக மாற்ற வேண்டுமென்றால் முன் விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் அடியை வெட்ட வேண்டும். மேலே ஒரு தகட்டை மூடி வெல்டு செய்திருந்தால் உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு செய்யுங்கள். இல்லையென்றால் உடல் தொய்ந்து, பிறகு கதவு மூடவே மூடாது. செலவில் பெரும்பகுதி இங்கே போகட்டும்.

ஆல்டர்னேட்டர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்க மாட்டேன். உங்கள் கார் டைனமோவும் (ஆல்டர்னேட்டருக்கு முந்தைய மின்னாக்கி) பாசிட்டிவ் எர்த்தும் (பாட்டரியின் பாசிட்டிவ் முனையைக் காரின் உடலோடு இணைப்பது) கொண்டு வந்தது. தினமும் ஓட்டுவதென்றால் ஆல்டர்னேட்டரை விட்டுவிடுங்கள், வயரிங்கை மட்டும் வெட்டாதீர்கள். திரும்பப் போவதென்றால் பாட்டரி இணைப்பை மாற்றினால் மட்டும் போதாது. டைனமோவுக்குப் புதிதாகத் துருவம் ஏற்ற வேண்டும். இக்னிஷன் காயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஆர்பிஎம் மீட்டரின் உள்ளிணைப்பையும் மாற்ற வேண்டும். ரேடியோ இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

இன்னொன்று. அபிங்டனில் மாற்றங்கள் ஜனவரி முதல் தேதி பார்த்து வரவில்லை, சேஸி எண் வரிசையில்தான் வந்தன. அதனால் ‘1966 என்றால் இதுதான்’ என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த எண் முதல் எந்த எண் வரை என்று கேளுங்கள். காரில் மாறாமல் இருக்கும் ஒரு பழைய கிளிப்போ திருகோ புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றாலும், மாற்றாமல் படம் எடுத்து, பைக்குள் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

பெயின்ட் அடிப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: இந்தக் காருக்குக் கண்ணாடி மாதிரி மெருகு வேண்டாம். தொழிற்சாலையில் அடியிலும் மூலைகளிலும் பெயின்ட் மெல்லியதாகத்தான் படிந்தது. அதைவிட அழகாக்கினால் அது அபிங்டன் கார் போல இருக்காது.