கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க 2,000 ரூபாய்க்குள் ஹெட்போன்: வேலூர் வெயிலுக்கு எது தாங்கும்?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்தே டெஸ்க்டாப்பில் கணக்கு எழுதித் தரும் வேலை. இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை ஓடும். பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரிகள், அப்புறம் 80களின் சினிமாப் பாட்டு. அதே அறையில் அம்மா தூங்குவதால் ஸ்பீக்கர் வைக்க முடியாது. போன வருடம் வாங்கிய ப்ளூடூத் ஹெட்போன் இன்னும் நன்றாகத்தான் பாடுகிறது. ஆனால் காது குஷனின் தோல் உரிந்து, கழுத்திலும் ஜாக்கெட்டிலும் கறுப்புச் செதிலாக ஒட்டுகிறது. அவருடைய கேள்விகள் மூன்று: 2,000 ரூபாய்க்குள் கம்பி உள்ளதாக வாங்கலாமா? 50 எம்.எம். டிரைவர் (ஒலியை எழுப்பும் உள்பகுதி), 7.1, எக்ஸ்ட்ரா பேஸ் என்று அட்டையில் போட்டிருப்பதில் எதைப் பார்க்க வேண்டும்? தம்பியின் கம்பி ஹெட்போனைக் கம்ப்யூட்டரில் செருகினால் "ஙொய்ய்" என்று ஒரு இரைச்சல் வருகிறதே, அது ஹெட்போனின் குறையா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கம்பி உள்ளதையே வாங்குங்கள். ஆனால் காதை மூடும் பெரிய ஹெட்போன் வேண்டாம். காதுக்குள் வைக்கும் இயர்போனில், கம்பியைக் கழற்றி மாற்றக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பணத்துக்கு அதில்தான் சுத்தமான ஒலி கிடைக்கும். நம் ஊர் வெயிலுக்கும் அதுதான் ஒத்துவரும். இரைச்சல் அநேகமாக ஹெட்போனின் குறை இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

தோல் உரிந்த கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் ஹெட்போன்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். இப்படி உரிந்த குஷன் ஒன்றை ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பரிடம் ஒருமுறை காட்டினேன். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிவிட்டு, "இதுல தோலே இல்லையே, துணிமேல பூசின பூச்சு" என்றார். உண்மை அதுதான். மலிவு ஹெட்போன்களில் இருப்பது துணியின் மேல் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசியது. பெட்டியில் "ப்ரோட்டீன் லெதர்" என்று போட்டிருந்தாலும் சங்கதி இதேதான். ஈரமும் சூடும் சேர்ந்தால் இந்தப் படலம் மெல்ல மெல்லச் சிதைந்து செதில் செதிலாகக் கழன்று வரும். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் 42 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. இரவிலும் சுவர் அனலை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் காதை மூடி இரண்டரை மணி நேரம் வைத்தால், காதின் வியர்வை முழுக்க அந்தப் பூச்சில்தான் இறங்கும். நீங்கள் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தியிருந்தாலும் அது உரிந்திருக்கும். உங்கள் மேல் தவறில்லை.

காதுக்குள் வைக்கும் இயர்போனில் இந்தத் தொல்லையே கிடையாது. சிலிக்கோன் முனை அழுக்கானால் கழற்றிக் கழுவலாம். மின்விசிறியின் இரைச்சலைப் பெருமளவு மறைத்துவிடும் என்பதால் சத்தத்தைக் கூட்டவும் வேண்டியிருக்காது. வெளியே ஒலி கசியாது, அம்மாவின் தூக்கமும் கெடாது. பெரிய ஹெட்போனில் உங்கள் பணத்தில் ஒரு பங்கு தலைப்பட்டை, கீல், குஷன் என்று போய்விடும். இயர்போனில் அந்தச் செலவு இல்லாததால் ஒலிக்காகச் செலவிடத் தயாரிப்பாளருக்கு இடம் இருக்கிறது. இணையக் கடைகளில் "ஐ.இ.எம்." (இன்-இயர் மானிட்டர்) என்று தேடினால் இந்த வகை வரும். கே.இசட்., மூன்டிராப் போன்ற சீன நிறுவனங்களின் கழற்றும் கம்பி வைத்த இயர்போன்கள் 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பேஸும் கூர்மையும் தூக்கலாக இருக்கும் ஒலி கே.இசட். வழக்கம். மூன்டிராப்பின் சூ 2 கொஞ்சம் சமனாகப் பாடும். கச்சேரி கேட்கிறவர் என்பதால் உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

வாங்கியதும் கூட வரும் மூன்று அளவு முனைகளையும் போட்டுப் பாருங்கள். முனை காதில் சரியாக அடைத்து உட்காராவிட்டால் அடிநாதம் முழுக்கப் போய்விடும். "தகரம் மாதிரி பாடுது" என்று பலர் திருப்பி அனுப்புவது இதனால்தான். பலருக்கு இடது காதும் வலது காதும் ஒரே அளவு இல்லை. ஒரு பக்கம் நடுத்தரமும் ஒரு பக்கம் பெரியதும் போட்டால் தவறே இல்லை. கம்பியைக் காதுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னால் இறக்குங்கள். கம்பி ஆடைமேல் உரசும் சத்தம் குறையும்.

ஒன்றை மட்டும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரவில் அம்மா கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்க வேண்டுமா? கேட்க வேண்டும் என்றால் இரண்டு காதையும் அடைப்பது சரியாக வராது. அப்போது காதைச் சுற்றி உட்காரும் எடை குறைந்த ஹெட்போன் ஒன்று வாங்கி, ரெக்சின் குஷனைக் கழற்றிவிட்டுத் துணி அல்லது வெல்வெட் குஷன் போடுங்கள். துணி வழியாகக் காற்று போகும், வெளிச் சத்தமும் கொஞ்சம் வரும். பேஸ் சற்றுக் குறையும். காதின்மேல் நேரடியாக அழுத்தி உட்காரும் சின்ன வகை, உதாரணமாகச் சோனி இசட்.எக்ஸ். 110, எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் கண்ணாடி போட்டிருந்தால் முக்கால் மணி நேரத்தில் காது மடல் வலிக்க ஆரம்பித்துவிடும். உங்கள் இரண்டரை மணி நேரத்துக்கு அது ஆகாது.

ப்ளூடூத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேருந்தில் போகிறவர்களுக்கு அது வசதி. மேஜையை விட்டு நகராதவர் பேட்டரிக்கும் சார்ஜ் சர்க்யூட்டுக்கும் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டரில் ப்ளூடூத் ஹெட்போனின் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்துவிட்டால், பாட்டு திடீரென்று பழைய டெலிபோன் போல ஆகிவிடும். ஒலியைத் தொலைபேசி முறைக்கு மாற்றி, ஸ்டீரியோவை ஒற்றைச் சத்தமாக அனுப்புவதால் வரும் வினை அது. மீட்டிங் செயலியை மூடினால் சரியாகிவிடும்.

அட்டையில் போட்டிருக்கும் எண்களில் நேரத்தை வீணாக்காதீர்கள். டிரைவர் 50 எம்.எம். என்பது அளவு, தரம் இல்லை. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் காதின் எல்லை. எந்த ஹெட்போன் பெட்டியிலும் அதை அச்சடித்துவிடலாம். 7.1 என்பது சுற்றிலுமிருந்து ஒலி வருவதுபோல் காட்டும் முறை, சினிமாவுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கும் ஆனது. ஸ்டீரியோவில் பதிவான பாட்டுக்கு அதைப் போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். மின்தடையைச் சொல்லும் ஓம் என்ற எண்ணை மட்டும் ஒரு பார்வை பாருங்கள். 16 அல்லது 32 என்றிருந்தால் கம்ப்யூட்டரே தாராளமாக ஓட்டும். 250 ஓம் போன்றவை ஸ்டுடியோவுக்கு, அவற்றுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருக்கும்.

எக்ஸ்ட்ரா பேஸ் பற்றிக் கேட்டதற்கு மிருதங்கத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். மிருதங்கத்தின் இடது பக்கம் தொப்பி. ரவை பிசைந்து அப்பி, அடிநாதம் கொடுக்கும் பக்கம். வலது பக்கம் வலந்தலை; சாப்பு, மீட்டு என்ற அடிகள் கணீரென்று தெறிக்கும் பக்கம். பேஸைக் கூட்டி வைத்த ஹெட்போனில் தொப்பி "தொம் தொம்" என்று வீங்கி, அடுத்த அடி விழும்வரை அடங்காது. வலந்தலை அதன் அடியில் புதைந்துவிடும். நல்ல இயர்போனில் தொப்பியின் கும்காரம் எழுந்து, வளைந்து, அடங்குவது வரை கேட்கும். அதே நேரத்தில் சாப்பும் தெளிவாக இருக்கும். நான் எந்த ஹெட்போனைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு தனி ஆவர்த்தனம்தான் போடுவேன். அடுத்தது தம்புரா. கம்பிகளைத் தாங்கும் குதிரையின்மேல் கம்பிக்கு அடியில் வைக்கும் நூலால் எழும் அந்த ரீங்காரம், பாடகர் பாடும்போதும் பின்னால் இழையாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது காணாமல் போனால் மேல்ஸ்தாயி மங்கல். ஊசி போலக் குத்தினால் கூர்மை அதிகம், ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கும். பெரிய ஹெட்போனைக் கடையில் கேட்டுப் பார்த்தால், அவர்கள் போட்டுக் காட்டும் டிரம்ஸ் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான கச்சேரியைப் போனில் எடுத்துப் போங்கள். ஒரு கவனம்: கேசட்டிலிருந்து யாரோ மாற்றிப் போட்ட பதிவாக இருந்தால் எந்த ஹெட்போனிலும் மங்கலாகத்தான் இருக்கும். பதிவு நிறுவனமே வெளியிட்டதாகப் பாருங்கள்.

இப்போது இரைச்சல். தம்பியின் ஹெட்போனை கேபினெட்டின் முன்பக்க ஓட்டையில் செருகுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஓட்டையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, ஃபேன், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு மதர்போர்டு வரை போகிறது. வழியில் உள்ள மின் இரைச்சலையெல்லாம் பிடித்துக்கொண்டு வரும். மவுஸை நகர்த்தும்போது "கிர்கிர்" என்று மாறினால் சந்தேகமே வேண்டாம். பின்பக்கத்தில் பச்சை நிற ஓட்டை இருக்கும், அதில் செருகுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். இயர்போனின் கம்பி சாதாரணமாக ஒன்றேகால் மீட்டருக்குள்தான் இருக்கும். சிபியு தரையில் இருந்தால் எட்டாது, ஒரு 3.5 எம்.எம். எக்ஸ்டென்ஷன் கம்பி சேர்த்து வாங்குங்கள்.

பச்சை ஓட்டையிலும் "ஙொய்ய்" என்று ஒரே சீராக வந்தால் எர்த்தைப் பாருங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறதா? அப்படியானால் உங்கள் பிளக் பாயின்டில் எர்த் சரியாக இல்லை. நம் பக்கம் கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது சகஜம். பெரியவர்கள் அதில் தண்ணீர் ஊற்றி வைப்பது இதற்காகத்தான். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பாட்டுக்காக மட்டும் இல்லை, இது உயிர் சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடாதீர்கள். எர்த்தும் சரியாக இருந்து, பாட்டு இல்லாதபோது மட்டும் "ஸ்ஸ்" என்று லேசாகக் கேட்டால், அது மதர்போர்டின் ஒலிப்பகுதியிலிருந்து வருவது. இயர்போன்கள் நுட்பமானவை என்பதால் அதில் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன ஒலி அடாப்டர் ஒன்று போட்டால் அடங்கும். ஆனால் நூறு நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பல, மதர்போர்டைவிட மோசம். தேவைப்படாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

இன்னொரு விசித்திரமும் உங்களுக்கு நேரலாம். 80களின் பாட்டு ஒன்று போடுகிறீர்கள்; வயலின், கிடார் எல்லாம் கேட்கிறது, பாடகரின் குரல் மட்டும் எங்கோ தூரத்தில். இயர்போன் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பிளக் முழுக்க இறங்கவில்லை, அல்லது இரண்டு காதுக்கும் பொதுவாகப் போகும் பொதுக்கம்பி அறுந்திருக்கிறது. குரலை இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிவு செய்திருப்பார்கள். பொதுக்கம்பி விட்டுப்போனால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும், சமமாக இருப்பது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அழுத்திச் செருகுங்கள். சரியாகாவிட்டால் கம்பியை மட்டும் மாற்றுங்கள். கழற்றும் கம்பி உள்ளதை வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். ஒட்டிய கம்பி என்றால் சால்டரிங் செய்பவரைத் தேட வேண்டும். உள்ளே இருக்கும் இழைகளில் எனாமல் பூசியிருப்பதால், அதைச் சுட்டு எடுக்காமல் வைத்தால் ஈயம் பிடிக்காது. பாதிக் கடைகளில் அந்தப் பொறுமை இருப்பதில்லை.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்", "ஸ்பேஷியல் சவுண்ட்" இரண்டையும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகும் தொப்பி வீங்கினால் ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்க உதவும் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருளை நிறுவி, 100 முதல் 200 ஹெர்ட்ஸ் பகுதியை மூன்று டெசிபல் இறக்கிப் பாருங்கள். எதையும் ஏற்றாதீர்கள், உறுத்துவதை இறக்குங்கள். ஏற்றினால் உச்சத்தில் ஒலி பிளிறும்.

சத்தத்தின் அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. 90 டெசிபல் ஆனால் அது நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு, அமைதியில் வசதியாகக் கேட்கும் அளவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஓடும்போது அதைத் தாண்டி ஏற்றத் தோன்றினால் முனை சரியாக அடைக்கவில்லை என்று பொருள், பெரிய முனைக்கு மாறுங்கள்.

வாங்குவதற்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை ரயில் ஏற வேண்டியதில்லை. காதுக்குள் வைக்கும் பொருளைக் கடையில் பிரித்துப் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். இணையத்தில், மாற்றிக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் படித்துவிட்டு வாங்குங்கள். வந்த அன்றே இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பாருங்கள். குரல் சரியாக நடுநெற்றியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், முனையை மாற்றியும் சரியாகாவிட்டால், உடனே திருப்பிவிடுங்கள்.

பழைய ப்ளூடூத் ஹெட்போனை எறிய வேண்டாம். குஷனின் குறுக்களவை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து, அதே அளவில் துணிக் குஷன் ஒரு ஜோடி வாங்குங்கள். பழையதை மெதுவாக நெம்பினால் கழன்றுவிடும். விளிம்பிலும் தலைப்பட்டையிலும் ஒட்டியிருக்கும் கறுப்புச் செதிலை ஈரத்துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். காலையில் அம்மா போனில் பக்திப் பாட்டுக் கேட்க அது தாராளமாகப் போதும்.