புரோக்கர் கமிஷன் இல்லாமல் வீட்டை நாமே விற்க முடியுமா?

கேள்வி: "அப்பா காலத்து வீடு. நாங்கள் எல்லோரும் வெளியூரில் இருக்கிறோம். புரோக்கர் இரண்டு சதவீதம் கேட்கிறார். அதை மிச்சம் பிடிக்க வழி உண்டா?"

முடியும். 2023 ஆவணியில் பாபநாசம் பக்கத்தில் எங்கள் அப்பா வீட்டை அப்படித்தான் விற்றோம். ஆனால் நீங்கள் அந்த இரண்டு சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கையை விட்டுப் போக இருந்தது இரண்டு சதவீதம் இல்லை, ஆறு லட்சம் ரூபாய்.

உங்கள் நிலைமையும் எங்களுடையது போலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீடு பூட்டிக் கிடக்கும். ஐப்பசி மழைக்கு ஓடு சரியும். மாதம் ஒருமுறை போய்ப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு வருவீர்கள். விற்கப்போகிறோம் என்று தெருவில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நான் சொல்லவில்லை. அப்பா வாங்கிய வீட்டை விற்கிறோம் என்பதை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரே ஒரு புரோக்கரிடம் காதோடு காதாகச் சொன்னேன். அவர் சொன்னது இது: "கமிஷனெல்லாம் வேண்டாம்மா. உங்களுக்கு நெட்டா முப்பத்திரண்டு லட்சம் வந்துடும். அதுக்கு மேல போறது என் சாமர்த்தியம்." முப்பத்திரண்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் 64,000 ரூபாய். அது மிச்சம் என்று சந்தோஷமாகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அடுத்த மாதம் வீட்டைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அத்தை வாசல்படியில் வந்து நின்றார். எழுபத்தைந்து வயதிருக்கும், என்னைத் தூக்கி வளர்த்தவர். "ஏன் பாப்பா, வீட்டுக்கு முப்பத்தொம்பது சொல்றியாமே? என் மவன் சிங்கப்பூர்லேந்து பணம் அனுப்பி ஒரு மனை பாருன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கான். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊர்ல எவனோ வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா?"

கையில் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு முப்பத்திரண்டு, அவர்களுக்கு முப்பத்தொன்பது. நடுவில் ஏழு லட்சம். இரண்டு வாசலுக்கும் இடையே பதினைந்தடி அகலத் தெரு.

எல்லா புரோக்கரும் இப்படித்தான் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டு சதவீதம் என்று வாய்விட்டுக் கேட்டு, ஆட்களைக் கூட்டிவந்து, இரண்டு பக்கமும் ஒரே விலை சொல்லும் புரோக்கர்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அது உழைப்புக்கான கூலி. நான் குறை சொல்வது "நெட் ரேட்" பேச்சை மட்டும்தான். உங்களிடம் யாராவது "நெட்டா எவ்வளவு வேணும்" என்று கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அது கமிஷனைவிடப் பல மடங்கு அதிகம். விற்பதை நாம் ஒளித்து வைக்கும்வரைதான் அந்தப் பேச்சு செல்லுபடியாகும்.

சரி, நாமே விற்பதென்றால் புரோக்கர் செய்யும் வேலையை நாம் செய்ய வேண்டும். ஆள் பிடிப்பது அதில் சின்ன வேலை. காகிதம்தான் பெரிய வேலை.

எங்கள் மூலப்பத்திரம் 1968-ல் எழுதியது. பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்தபோது அவ்வளவு பழைய வருடத்துக்கு வில்லங்கம் (அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) வரவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் எழுதிய வில்லங்கச் சான்று வாங்கினோம். அப்பா, அம்மா இருவரும் காலமாகிவிட்டதால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ். அதற்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது. வாரிசு மூன்று பேர். நான், பெங்களூரில் இருக்கும் தம்பி, மாயவரத்தில் கட்டிக்கொடுத்த தங்கை.

அந்தப் புரோக்கர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "தங்கச்சிகிட்ட முதல்ல ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிடுங்க, அப்புறம் வேலை சுளுவு." தன் பங்கு வேண்டாம் என்று தங்கை எழுதிக்கொடுக்கும் பத்திரம் அது. ஏன் வாங்க வேண்டும்? அப்பா உயில் எழுதி வைக்கவில்லை. அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு. 1956-ம் வருடத்து இந்து வாரிசுச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. மூன்று பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டோம், மூன்று பேரும் சமமாக எடுத்துக்கொண்டோம்.

பிறகு அளவு. பத்திரத்தில் "24 குழி" என்று இருக்கும். அத்தையின் மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் "குழின்னா எவ்வளவுக்கா?" என்று கேட்டான். தஞ்சாவூர் பக்கத்துக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. அப்படியானால் 24 குழிக்கு 3,456 சதுர அடி. ஆனால் நத்தம் பட்டாவில், அதாவது ஊர்க் குடியிருப்பு மனைக்கான பட்டாவில், 300 சதுர மீட்டர்தான் இருந்தது, அதாவது 3,229 சதுர அடி. 227 சதுர அடி, ஏறக்குறைய அரை சென்ட், எங்கே போனது?

சர்வேயரை வரவழைத்தோம். கொல்லையில் நந்தியாவட்டைச் செடிக்குக் கீழே அப்பா நட்ட எல்லைக் கல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. செடி இல்லை. டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு போன பையன் மேலண்டை வீட்டுக் குளியலறைச் சுவரில் போய் முட்டி நின்றான். கல் அந்தச் சுவருக்கு உள்ளே. அவர்கள் சுவர் எழுப்பி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பா ஒன்றும் கேட்டதில்லை, பட்டாவும் அதற்கேற்றபடி ஆகிவிட்டது. நான் சண்டைக்குப் போகவில்லை. அத்தை மகனிடம் இருந்ததை இருந்தபடி சொல்லி, பட்டா அளவுக்கே விலை பேசினேன். இதை மறைத்திருந்தால் அவன் வைத்த வக்கீல் எப்படியும் கண்டுபிடித்திருப்பார். அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

காவிரிக்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். எங்கள் தெருவிலேயே வடவரிசை முழுக்க அடிமனை கோயிலுக்குச் சொந்தம், கட்டடம் மட்டும்தான் குடியிருப்பவர்களுடையது. அந்த மனையைக் கிரயம் செய்ய முடியாது, பதிவு அலுவலகத்தில் மறுத்துவிடுவார்கள். நாங்கள் தென்வரிசை என்பதால் தப்பித்தோம். சில இடங்களில் ஒரே சர்வே எண்ணில் கொஞ்சம் கோயில் நிலம் இருந்தால் மொத்த எண்ணையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விலைக்கு, அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் தெருவில் விற்ற வீடுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பத்திரத்தில் எழுதிய தொகை தெரியும். அதைவிட உண்மையான தொகை வாங்கினவர் வாயிலிருந்து வரும், கேட்டால் சொல்லுவார்கள். எங்களுக்குச் சதுர அடி 1,150 என்று வந்தது. தேக்கு நிலைகளும் கூடத்துத் தூண்களும் சேர்த்து 39 கேட்டோம்.

அத்தை வீட்டார் நல்லவர்கள்தான், ஆனாலும் ஊர் வழக்கப்படி ஒன்று கேட்டார்கள். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதிக்கொண்டு மீதியைக் கையில் தருகிறோம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு, மனை விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். மாட்டுவது பணம் வாங்கியவர். மேலும் மூன்று பேர் பங்கு பிரிக்கும்போது கையில் வந்த பணத்துக்கு யார் கணக்கு வைப்பது? முழுத் தொகைக்கும் எழுதினால் அவர்களுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று செலவு கூடுகிறது என்பது நியாயம்தான். அதற்காக ஒரு லட்சம் குறைத்து 38-க்கு முடித்தோம். மூன்று பேர் பெயரிலும் தனித்தனி டிடி. பதிவன்று அத்தை தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

வீடு விற்ற லாபத்துக்கான ஆதாய வரிக் கணக்கு 2024 ஜூலை 23-க்குப் பிறகு மாறிவிட்டது. அதனால் எங்கள் கணக்கை உங்களுக்குச் சொல்லிப் பயனில்லை, ஆடிட்டரைப் பாருங்கள். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வீடாக இருந்தால் அந்தத் தேதி மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் அவரிடம் நினைவுபடுத்துங்கள்.

பதிவு முடிந்த வாரம் அந்தப் புரோக்கர் போன் செய்தார். "நான் சொல்லித்தானே அவங்களுக்குத் தெரியும், என் பார்ட்டியை நீங்க வளைச்சுட்டீங்க" என்றார். தம்பிக்குக் கோபம், ஒரு பைசா தராதே என்றான். நான் 20,000 கொடுத்தேன். ஏமாற்றப் பார்த்தவருக்கு ஏன் கொடுத்தாய் என்று இதைப் படிக்கும் சிலரும் கேட்பீர்கள். அவர் வாயிலிருந்து வந்த சேதிதான் தெருவைக் கடந்து என்னிடம் வந்தது. மூன்று பேரைக் கூட்டிவந்து வீட்டைத் திறந்து காட்டியிருந்தார். அந்த உழைப்புக்குக் கூலி வைக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு ஒன்று. அம்மா கடைசி நான்கு வருடம் படுக்கையில் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, திங்கள் விடியற்காலைப் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போவேன். அந்த நான்கு வருடத்தில் பெரியப்பா வீட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தவர்கள் ஒருவர்கூட இல்லை. விற்ற சேதி தெரிந்ததும் மூன்று போன் வந்தது. "சித்தப்பா வீட்டை அந்நியனுக்கு வித்துட்டியே, எங்களைக் கேட்டியா?" என்று. எதிர்வீட்டு அத்தை அந்நியமாம். அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தது அந்த அந்நியம்தான். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் உங்களுக்கும் இந்த போன்கள் வரும். வந்தால் அதற்காக விலையையோ ஆளையோ மாற்றாதீர்கள்.

மூலப்பத்திரம் யார் பெயரில், எந்த வருடம் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதை எடுத்துப் பாருங்கள். அப்புறம் இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வாசலைப் பெருக்குங்கள். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஏறி உட்கார்ந்து, விற்கிறோம், இதுதான் விலை என்று சொல்லுங்கள். இப்போது சொன்னால் தை, மாசியில் சம்பா அறுத்துக் கையில் காசு புழங்கும்போது அவர்கள் யோசித்து வைத்திருப்பார்கள்.