காற்றடித்தால் 38வது மாடி ஆடுகிறது, வீட்டை விற்கலாமா?

பலத்த காற்றில் தொங்கு விளக்கு ஆடுகிறது, சுவருக்குள் கிறீச்சென்று சத்தம், மனைவிக்குத் தலைசுற்றல், விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

உயரமான கட்டடம் எல்லாமே ஆடும், அந்த அசைவைக் கணக்குப் போட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். காற்று கட்டடத்தைக் கடக்கும்போது இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்கள் உருவாகும், அதனால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காகவும் கட்டடம் அசையும். தைவானில் 508 மீட்டர் உயரமுள்ள தைப்பே 101 கட்டடத்தில் இதைக் குறைக்கவே 660 டன் எஃகு உருண்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 2015 சூறாவளியில் அந்த உருண்டையே ஒரு மீட்டர் ஆடியது.

சத்தம் பெரும்பாலும் தடுப்புச் சுவர்களும் கூரைப் பலகைகளும் உரசுவதுதான். ஆனால் தலைசுற்றலை மட்டும் வெறும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள், கண்ணுக்கு அறை அசையாமல் தெரிகிறது, உள்காதோ அசைவை உணர்கிறது, கப்பலில் குமட்டுகிற அதே கதை. நான் 31வது மாடியில் இருந்தபோது தொங்கு விளக்கைக் கழற்றியதே பெரிய நிம்மதி, காற்று அதிகமான நாட்களில் சில மணி நேரம் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்துவிடுவோம்.

அப்புறம், தூணிலோ உத்திரத்திலோ புது விரிசல், அல்லது காற்று நின்ற பிறகும் கதவு இறுகியே இருந்தால், தாமதிக்காமல் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். தடுப்புச் சுவர்ப் பூச்சில் மெல்லிய கோடு விழுவது வேறு விஷயம். அசைவைக் குறைக்கும் கருவி ஏதாவது இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று நிர்வாகத்திடம் எழுத்திலேயே கேளுங்கள். இத்தனைக்குப் பிறகும் உங்கள் மனைவிக்குத் தலைசுற்றல் நிற்கவில்லையென்றால், அதே கட்டடத்திலேயே கீழ் மாடியில் வீடு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.