ரூபாயில் கடன், பவுண்டில் வருமானம்: கெய்ரோ ஆய்வு நல்கைக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: அன்புள்ள ஐயா, நான் தொல்லியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, மதுரைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். பண்டைத் தமிழகத்துக்கும் செங்கடல் துறைமுகங்களுக்கும் நடந்த வணிகம்தான் என் ஆய்வு. கெய்ரோவில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் அக்டோபர் முதல் ஜூன் வரை 9 மாதம் வருகை ஆய்வாளராக அழைத்திருக்கிறது. மாதம் 30,000 எகிப்திய பவுண்டு தருவார்கள். தங்குமிடம் என் பொறுப்பு. விமானக் கட்டணத்தை அங்கே போனபின் திருப்பித் தருவார்களாம். முதல் உதவித்தொகை கைக்கு வர இரண்டு மாதம் ஆகலாம் என்றும் சொல்கிறார்கள். 2021-இல் அங்கே போய்வந்த சீனியர் அண்ணன், ஒரு பவுண்டு நாலரை ரூபாய்க்கு மேல் என்றார். அப்படியானால் மாதம் 1,35,000 ரூபாய். டிக்கெட் 60,000, விசா மற்றும் காப்பீடு 25,000, முதல் இரண்டு மாதச் செலவு 1,00,000, புது மடிக்கணினி 65,000 என்று மொத்தம் 2,50,000 ரூபாய் தேவை. அம்மாவின் 6 பவுன் நகையை அடகு வைக்கலாம் என்று நினைக்கிறேன். கையில் 1,60,000 ரூபாய் சேமிப்பு உண்டு. வீட்டுக்கு மாதம் 12,000 ரூபாய் நான்தான் தருகிறேன். போகலாமா?

- வாசகி, திருமங்கலம்

பதில்: போகலாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கை நம்பிப் போகக் கூடாது.

உங்கள் சீனியர் சொன்னது அவர் போன காலத்துக்குச் சரி. 2022 தொடக்கம் வரை ஒரு டாலருக்கு 16 பவுண்டுக்கும் குறைவாகவே கொடுத்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை, 2023 ஜனவரியில் இன்னொரு முறை என்று பவுண்டு சரிந்து, டாலருக்கு 30-ஐத் தொட்டது. அப்புறம் 2024 மார்ச் 6-ஆம் தேதி எகிப்து மத்திய வங்கி நாணயத்தைச் சந்தையின் போக்குக்கு விட்டபோது, ஒரே நாளில் 31-லிருந்து 50 பக்கம் போனது. இன்று ஒரு பவுண்டு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. நாம் 1.80 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 30,000 பவுண்டு 54,000 ரூபாய்தான். 9 மாதத்துக்கு 12 லட்சம் என்று நினைத்தது ஐந்து லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். கெய்ரோவில் நீங்கள் செலவழிக்கப்போவதும் பவுண்டுதான். அறையைப் பகிர்ந்துகொண்டு வாடகையை 10,000 பவுண்டுக்குள் வைத்துக்கொண்டால், சாப்பாட்டுக்கு 7,000, போக்குவரத்து, தொலைபேசி, மற்றவற்றுக்கு 6,000 என்று 23,000-க்குள் திட்டமிடலாம். மிச்சம் 7,000 பவுண்டு, அதாவது 12,600 ரூபாய். ஸமாலிக், மாதி போன்ற பகுதிகளில் வெளிநாட்டவரைக் கண்டால் வாடகையை டாலரில் சொல்வார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். தொக்கி, கீஸா பக்கம் மெட்ரோ வசதியோடு ஆய்வு மாணவர்கள் நிறையப் பேர் தங்குகிறார்கள். 2023-இல் சூடானில் போர் வெடித்தபின் லட்சக்கணக்கானோர் கெய்ரோவுக்கு வந்ததால் அங்கேயும் வாடகை ஏறித்தான் இருக்கிறது. தரகர் கமிஷனும் முன்பணமும் தனி. கடையில் சாப்பிட நேர்ந்தால் குஷரி இருக்கிறது. அரிசி, பருப்பு, மக்ரோனி கலந்தது, வயிறு நிறையும், விலையும் குறைவு.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நகைக்கடன் ரூபாயில், வட்டியும் ரூபாயில், வீட்டுச் செலவும் ரூபாயில். இவ்வளவையும் பவுண்டு வருமானத்தை நம்பி ஏற்றுக்கொள்ளப் பார்க்கிறீர்கள். 2024 மார்ச்சில் நடந்தது போல இன்னொரு முறை நடந்தால் உங்கள் 54,000 ரூபாய் ஒரே நாளில் 33,000 சொச்சமாகிவிடும். கெய்ரோவில் உங்கள் அறை வாடகை அன்றைக்கே ஏறாது. ஆனால் வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த பணம் சுருங்கிவிடும். விலைவாசியும் சும்மா இருக்காது. 2023 செப்டம்பரில் எகிப்தின் நகர்ப்புறப் பணவீக்கம் 38 சதவீதம். அந்த நாட்டுப் பேராசிரியர்களே இதில் நொந்துபோயிருக்கிறார்கள். 1949 முதல் கெய்ரோவில் இயங்கும், அமெரிக்கக் கல்விப் பரிமாற்றத்துக்கான ஃபுல்பிரைட் ஆணையம், 1960-இல் அங்கே அலுவலகம் திறந்த ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) ஆகியவற்றின் நல்கைகளுக்கு எகிப்திய ஆய்வாளர்கள் போட்டி போடுகிறார்கள் என்றால், படிப்பு மட்டும் காரணமில்லை. அந்த உதவித்தொகை டாலரிலும் யூரோவிலும் கிடைக்கிறது.

ஆகவே உங்களை அழைத்த துறைக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தொகையைக் கூட்டிக் கேட்க வேண்டாம், கிடைப்பது கடினம். முதலில், தங்குமிடத்தைப் பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் ஓர் அறையாகத் தர முடியுமா என்று கேளுங்கள். அறையாகக் கிடைத்துவிட்டால் பவுண்டு சரிந்தாலும் உங்கள் தலைக்கு மேல் கூரை சுருங்காது. அதற்காக உதவித்தொகையில் 7,000 பவுண்டு குறைத்தாலும் நான் சரி என்பேன். அடுத்து, டிக்கெட்டை அவர்களே எடுத்து அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். 'நீங்கள் எடுங்கள், பிறகு தருகிறோம்' என்பதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் ரூபாயில் கட்டுவீர்கள், அவர்கள் பவுண்டில் திருப்புவார்கள். எந்தத் தேதியின் மாற்று விகிதம்? நீங்கள் டிக்கெட் எடுத்த நாளா, அவர்கள் பணம் கொடுக்கும் நாளா? இது அழைப்புக் கடிதத்தில் இருக்க வேண்டும். உதவித்தொகையையே டாலர் மதிப்பில் நிர்ணயித்து, கொடுக்கும் நாளின் வங்கி விகிதப்படி பவுண்டில் தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டமாக இருந்தால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

உங்கள் துறையிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது, என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ், அதாவது சேரநாட்டுத் துறைமுகமான முசிறியின் பெயரால் அழைக்கப்படும் பழைய நாணல்தாள் ஆவணம், ஒரு கடன் ஒப்பந்தம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், முசிறிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் இடையில் வணிகம் செய்தவர் எழுதிக்கொடுத்தது. சரக்கு செங்கடல் கரையிலிருந்து எந்த வழியாகப் போகும், யார் பொறுப்பில் இருக்கும், தவணை தவறினால் ஈடு யார் கைக்குப் போகும் என்றெல்லாம் அதில் உண்டு. கடல் கடந்த காரியத்தில் எல்லாவற்றையும் எழுதி வாங்கும் பழக்கத்தை நீங்கள் ஆராயும் அந்த வணிகர்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அனுமதி. பெரெனிகே, குஸைர் அல் கதீம் ஆகிய பழைய செங்கடல் துறைமுகங்களில் கிடைத்த தமிழ் எழுத்துப் பானை ஓடுகளை நேரில் பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், அகழாய்வுக் களத்துக்கும் கிடங்குக்கும் எகிப்தியத் தொல்பொருள் உயர் மன்றத்தின் ஒப்புதல் தேவை. பாதுகாப்புச் சோதனையும் சேர்ந்து மாதக்கணக்கில் இழுக்கும். ஆவணக் காப்பகத்துக்குத் தனி அனுமதி. நான்கு மாதம் காத்திருந்து ஐந்து மாதம் வேலை செய்தால் உங்கள் நல்கையின் பாதி வீண். விண்ணப்பத்தை அவர்கள் இப்போதே தொடங்க வேண்டும், தாமதமானால் தொடக்கத் தேதியைத் தள்ளிக்கொள்ளலாம் என்ற வரியைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பணக்கணக்கில் இது வராது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் இதுதான் பெரிய செலவு.

இப்போது நகை. உங்கள் 2,50,000-இல் மடிக்கணினிக்கான 65,000-ஐ அடித்துவிடுங்கள். முனைவர் பட்டத்தை முடித்துக் கொடுத்த கணினி இன்னும் 9 மாதம் உழைக்கும். டிக்கெட்டை அவர்கள் எடுத்தால் 60,000 குறையும். மீதி 1,25,000. வீட்டுக்கு மாதம் 12,000 வீதம் 9 மாதத்துக்கு 1,08,000 ரூபாயைப் புறப்படும் முன்பே அம்மா பெயரில் வங்கியில் போட்டுவிடுங்கள். எகிப்திலிருந்து மாதாமாதம் அனுப்பலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஆக மொத்தம் 2,33,000 தேவை. சேமிப்பு 1,60,000. புறப்பட இன்னும் நாலு மாதம் இருக்கும் என்று வைத்தால், மாதம் 8,000 ஒதுக்கி 32,000 சேர்க்கலாம். துண்டு விழுவது 41,000 ரூபாய். அதற்கு 50,000 ரூபாய் நகைக்கடன் போதும், ஒன்றோ இரண்டோ பவுனில் முடிந்துவிடும். அம்மாவின் மற்ற நகை வீட்டிலேயே இருக்கட்டும். வங்கியில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் வட்டி 5,000. உங்கள் திட்டப்படி 25,000 ஆகியிருக்கும். ஒரு வருடக் கெடுவில், கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஜூனில் திரும்பி வந்து மீட்கக் கால அவகாசம் இருக்கும். தெருமுனை அடகுக் கடைக்குப் போகாதீர்கள். டிக்கெட் விஷயத்தில் அவர்கள் மறுத்துவிட்டால் கடன் 1,10,000 ஆகும். அதுவும் தாங்கக்கூடியதே.

கெய்ரோவில் மிச்சமாகும் பவுண்டைச் சேர்த்து வைக்காதீர்கள். வங்கி வழியாக டாலராக மாற்ற முடிந்த அளவுக்கு மாதாமாதம் மாற்றுங்கள். 2024 தொடக்கத்தில் டாலர் தட்டுப்பாடு இருந்தபோது வெளிச்சந்தையில் 70 பவுண்டு வரை போனது, அதற்கு முந்தைய ஆண்டு சில வங்கிகள் பவுண்டு கணக்கின் டெபிட் கார்டு வெளிநாட்டில் செல்லாது என்று நிறுத்தியும் வைத்தன. தட்டுப்பாடு வந்தால் யாராவது வெளியில் நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்பார்கள். அங்கே அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆய்வாளர் விசாவில் இருக்கும் நீங்கள் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது.

இங்கிருந்து போகும்போது 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப்போகலாம். உங்களுக்கு 500 டாலர் நோட்டும் மீதி ஃபாரெக்ஸ் கார்டிலும் (வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் வங்கி அட்டை) போதும். அதில் ஒருவழி டிக்கெட் அளவுத் தொகையைத் தொடவே தொடாதீர்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) உதவிப் பேராசிரியர் தேர்வோ சான்றிதழ் சரிபார்ப்போ அறிவித்தால் உடனே பறந்து வர வேண்டியிருக்கும். கௌரவ விரிவுரையாளர் இடம் 9 மாதம் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். முதல்வரிடம் எழுத்தில் விடுப்பு கேளுங்கள், கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும், உங்கள் துறையில் நேரில் பார்த்த ஓடுகளை வைத்து எழுதும் ஒரு கட்டுரை, நேர்காணல் மேசையில் இரண்டு வருடத் தொகுப்பூதியத்தைவிடக் கனமானது என்பது என் எண்ணம்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். 9 மாதம் வெளியே இருந்தாலும் வருமான வரிக்கு நீங்கள் இரண்டு ஆண்டும் இந்தியாவில் வசிப்பவர்தான். ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய 183 நாள் இங்கே இருந்துவிட்டு அக்டோபரில் புறப்படுகிறீர்கள், 182 நாள் இருந்தாலே இந்தியாவில் வசிப்பவர்தான். அடுத்த ஆண்டும் ஜூலையிலிருந்து இங்கேதான். ஆகவே எகிப்து உதவித்தொகையும் கணக்கில் வரலாம். பயப்பட வேண்டாம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது, நீங்கள் அதற்கு வெகு கீழே இருக்கிறீர்கள். ஆனால் கெய்ரோவில் வங்கிக் கணக்கு திறந்தால், வரி இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்து, வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். எளிய ஐ.டி.ஆர்-1 படிவத்தில் அதற்கு இடமில்லை, ஐ.டி.ஆர்-2 வேண்டும். திரும்பும் முன் கணக்கை மூடி, மூடியதற்கான சீட்டையும் வங்கி அறிக்கையையும் வாங்கி வாருங்கள்.

மருத்துவக் காப்பீட்டை இங்கேயே 9 மாதத்துக்கும் சேர்த்து எடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே உதவாது. மின்னஞ்சலுக்குப் பதில் வந்ததும் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள். எந்த வரியைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை நகை பீரோவில் இருக்கட்டும்.