இலங்கையில் கோத்தபய ராஜபக்சவுக்கு ஓட்டுப் போட்டவர்களே ஏன் அவரை விரட்டினார்கள்?

விலைவாசி மட்டும் காரணமில்லை. 2019ல் சுபீட்சம் தருவேன் என்று சொல்லி 52 சதவீத வாக்கு வாங்கி ஜனாதிபதி ஆனார். வந்ததும் வாட் வரியை 15லிருந்து 8 சதவீதமாக வெட்டினார், கஜானா வற்றியது.

விவசாயியை உடைத்தது உரத்தடைதான். 10 வருடத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம் என்றவர், 2021ல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார். எங்கள் மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நெல் போடுகிறவர்களிடம் கேளுங்கள்: பழகிய வயலில் திடீரென்று யூரியாவை நிறுத்தினால் பயிர் வெளுத்துப்போகும், தூர் கட்டாது. அங்கே நாடு முழுக்க அந்தக் கதி. விளைச்சல் விழுந்து அரிசியை இறக்குமதி செய்தார்கள். நம்பி ஓட்டுப் போட்ட சிங்கள விவசாயிக்குச் செய்த பச்சைத் துரோகம் இது. 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டே ஓடினார்.